எம்பிபிஎஸ் முடிச்சாச்சு, அடுத்து என்ன? மலேசியாவுல டாக்டருக்கு இருக்கிற வழிங்க, ஆரம்பத்துலேருந்து

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, பிறையில என் கிளினிக் ஷட்டரை பாதி இறக்கிட்டு இருக்கும்போது ஒரு ஆண்டி மகனக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. காய்ச்சல் தலைவலி ஒண்ணும் இல்ல. பையன் மங்களூர்ல எம்பிபிஎஸ் முடிச்சு வந்து மூணு மாசம் ஆகுது, ஹவுஸ்மன்ஷிப்புக்கு, அதாவது ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷப் பயிற்சிக்கு, காத்துக்கிட்டு இருக்கான். "டாக்டரம்மா, இவன ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் ஆக்கணும்னு அவங்கப்பா சொல்றாரு, எங்க போய் சேரணும்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க"ன்னாங்க. பையன் தரையப் பார்த்துக்கிட்டே நின்னான். உனக்கு ஹார்ட் பிடிக்குமாப்பான்னு கேட்டேன், "தெரியல டாக்டர்"னான். அந்த பதில் எனக்கு ரொம்ப பிடிச்சிருந்தது, ஏன்னா அந்த வயசுல தெரியாதுதான், தெரியவும் முடியாது.

அன்னிக்கு பிரிஸ்கிரிப்ஷன் பேப்பர் பின்னாடி ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா பாதி விட்டுப்போச்சு. அதான் இப்ப முழுசா எழுதுறேன். நான் ரெண்டு வருஷம் ஹவுஸ்மன், அப்புறம் ஏழு வருஷம் கவர்மெண்ட்ல எம்ஓ (மெடிக்கல் ஆபீசர்), அதுல அஞ்சு வருஷம் கிளினிக் கெசிஹாத்தான், அதாவது கவர்மெண்ட் சுகாதார கிளினிக்ல, இப்ப சொந்த கிளினிக், வாரத்துல ரெண்டு நாள் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிங்கள்ல தொழில்சார் டாக்டர் வேலை. இதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான்: பட்டத்தப் பார்த்து வேலைய தேடாதீங்க, அந்த வேலையில ஒரு நாள் பொழுது எப்படி போகும்னு பார்த்து தேடுங்க. காலையில எத்தன மணிக்கு எழும்பணும், யார்கிட்ட பேசணும், கை என்ன செய்யணும், ராத்திரி போன் வருமா வராதா, இதெல்லாம் 30 வருஷம் தாங்கணும்.

படிக்கப் போறதுக்கு முன்னாடியே பார்க்க வேண்டியது

இது இன்னும் படிக்கப் போகாதவங்களுக்கு, அவங்க அப்பா அம்மாவுக்கு. நம்ம நாட்டுல டாக்டரா வேலை செய்ய மலேசிய மருத்துவ மன்றம், அதாவது எம்எம்சி, பதிவு குடுக்கணும். 1971 மெடிக்கல் ஆக்ட்ல ரெண்டாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, எந்த யுனிவர்சிட்டி டிகிரிய ஏத்துக்குவாங்கன்னு அதுல பேர் பேரா இருக்கும். உள்ளூர்ல யுஎம், யுகேஎம், யுஎஸ்எம் மாதிரி கவர்மெண்ட் யுனிவர்சிட்டிங்க, தனியார்ல நம்ம ஜனங்களுக்கு நல்லா தெரிஞ்ச பீடோங் எய்ம்ஸ்ட், புக்கிட் ஜாலில்ல இருக்கிற ஐஎம்யு, பினாங்குல முன்னாடி பினாங் மெடிக்கல் காலேஜ்னு இருந்து இப்ப ஆர்சிஎஸ்ஐ யுசிடி மலேசியா கேம்பஸ்னு ஆயிருக்கிறது, இப்படி நிறைய. வெளிநாடுன்னா ஏஜெண்ட் சொல்றத நம்பாம நீங்களே அந்த லிஸ்ட்ட திறந்து யுனிவர்சிட்டி பேர எழுத்துக்கு எழுத்து பாருங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க தாமான்லயே ஒரு குடும்பம் வீட்ட ரீஃபைனான்ஸ் பண்ணி மகள ஒரு ஏஜெண்ட் மூலமா வெளிநாட்டுக்கு அனுப்புனாங்க, ஆறு வருஷம் கழிச்சு வந்தப்பதான் அந்த டிகிரி லிஸ்ட்ல இல்லன்னு தெரிஞ்சுது. லிஸ்ட்ல இல்லன்னா தனியா ஒரு தகுதிப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணாத்தான் ஹவுஸ்மன்ஷிப். அந்தப் பொண்ணு பாஸ் பண்ணிட்டா, ஆனா அதுக்குள்ள கூடப் படிச்சவங்கல்லாம் எம்ஓ ஆயிட்டாங்க, அந்த அம்மா கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க, யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு. பத்து நிமிஷம் லிஸ்ட்ட பார்த்திருந்தா போதும்.

காத்திருக்கிற மாசங்கள்ல

டிகிரி கையில வந்ததும் எம்எம்சில தற்காலிகப் பதிவு, சுகாதார அமைச்சோட ஈ-ஹவுஸ்மன் சிஸ்டம்ல ஆஸ்பத்திரி தேர்வு. ஆஸ்பத்திரி லிஸ்ட் திறக்கிற நேரத்துல லைன் நல்லா இருக்கிற இடத்துல உட்காருங்க, பேர் போன இடம்லாம் சட்டுனு போயிரும். இடையில சில மாசம் சும்மா இருக்க வேண்டி வரும். அந்த நேரத்துல பிஎல்எஸ் ஏஎல்எஸ்ங்கிற உயிர்காப்பு கோர்ஸ் முடிச்சிருங்க, வெளிநாட்டுல படிச்சவங்க பஹாசால கிளர்க் பண்ணி, அதாவது நோயாளிகிட்ட விவரம் கேட்டு எழுதி, பழகுங்க, நெஞ்சு வலிக்கு "சாக்கிட் டாடா" மட்டும் போதாது, ஒரு கம்போங் பாக்சிக் அவரோட வலிய அவர் பாணியில சொல்லும்போது புரியணும். பினாங்குன்னா ஹொக்கியன்ல ஒரு பத்து இருபது வார்த்தை, வலி எங்க, எத்தன நாள், சாப்பிட்டீங்களா, வாந்தி வந்துச்சா. தமிழ் ஏற்கனவே இருக்கு, அத மறைக்காதீங்க. வார்டுல தமிழ் மட்டும் தெரிஞ்ச தோட்டத்துப் பாட்டி ஒருத்தங்க படுத்திருந்தா அந்த வார்டு முழுக்க உங்களத்தான் தேடும்.

ஹவுஸ்மன்: ரெண்டு வருஷம், ஆறு போஸ்டிங்

நாலு நாலு மாசமா ஆறு. ஜெனரல் மெடிசின், பீடியாட்ரிக்ஸ், சர்ஜரி, ஓ அண்ட் ஜி (மகப்பேறு), ஆர்த்தோ (எலும்பு) அஞ்சும் எல்லாருக்கும், ஆறாவது எமர்ஜென்சி, அனஸ்தீசியா மாதிரி ஏதாவது ஒண்ணு. ஒவ்வொரு போஸ்டிங்கும் டேகிங்ங்கிற பழகுற காலத்துலதான் ஆரம்பிக்கும், விடியக்காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் வார்டுலயே கிடக்கணும், அப்புறம் ஷிஃப்ட். லாக்புக்ல எல்லா புரொசீஜருக்கும் கையெழுத்து வாங்கணும், கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க, கையெழுத்துப் போட வேண்டிய எம்ஓ லீவுல போயிருவாரு இல்ல வேற ஆஸ்பத்திரிக்கு மாறிப் போயிருவாரு. அசெஸ்மெண்ட் சரியில்லன்னா அந்த போஸ்டிங்க நீட்டி எக்ஸ்டெண்ட் பண்ணுவாங்க. எக்ஸ்டெண்ட் ஆனா வாழ்க்கை முடிஞ்சுபோச்சுன்னு அழுவுறவங்கள நிறைய பார்த்திருக்கேன், அப்படி எக்ஸ்டெண்ட் ஆன ஒருத்தர் இன்னிக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல சர்ஜன்ல ஒருத்தர்.

இந்த ரெண்டு வருஷத்துல ஒரு வேலை செய்யுங்க. ஒரு சின்ன நோட்டு வச்சுக்கிட்டு ஷிஃப்ட் முடிஞ்சு கார்ல உட்கார்ந்ததும் ரெண்டே வரி எழுதுங்க: இன்னிக்கு எந்த வேலை செய்யும்போது மணி போனதே தெரியல, எந்த வேலைக்கு மணியப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான். எந்த பாஸ் நல்லவரு எந்த பாஸ் கத்துவாருன்னு எழுதாதீங்க, பாஸ் மாறுவாரு, வேலை மாறாது. நான் பீடியாட்ரிக்ஸ்தான் எடுப்பேன்னு நெனச்சுக்கிட்டு போனவ. ஒருநாள் விடியக்காலை மூணு மணிக்கு எட்டு மாசக் குழந்தைக்கு பிரானுலா, அதாவது நரம்புல மருந்து ஏத்துற ஊசிக்குழாய், போடணும், ரெண்டு தடவை தவறிப்போச்சு, கை நடுங்குது, மூணாவது தடவை சரியா உள்ள போச்சு. எம்ஓ பாராட்டுனாரு. ஆனா நோட்டுல என்ன எழுதுனேன் தெரியுமா, பிரானுலா போனதப் பத்தி இல்ல, அதுக்கப்புறம் அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட அரை மணி நேரம் உட்கார்ந்து பால் எப்படி கலக்கணும், தண்ணி எப்படி கொதிக்க வைக்கணும்னு பேசுனேன், அப்பதான் மணி போனது தெரியல. நாலு போஸ்டிங் நோட்ட திருப்பிப் பார்த்தா எல்லாத்துலயும் அதே கதைதான், ஆபரேஷன் தியேட்டர்ல இல்ல, பெட் பக்கத்துல பேசுற இடத்துல. ஃபேமிலி மெடிசின்னு எனக்கு நோட்டுதான் சொல்லுச்சு.

கான்ட்ராக்ட்

2016 டிசம்பர்லேருந்து புதுசா சேர்றவங்கல்லாம் கான்ட்ராக்ட்தான், முன்ன மாதிரி நேரா நிரந்தரம் கிடையாது. 2021 ஜூலை 26ல நாடு முழுக்க கான்ட்ராக்ட் டாக்டருங்க ஹர்த்தால் பண்ணி வார்டு விட்டு வெளிய வந்து நின்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் நிரந்தர இடங்கள கொஞ்சம் கொஞ்சமா திறந்துக்கிட்டு வர்றாங்க. ஆனா நிரந்தரம்னா எந்த ஊருக்கு அனுப்புனாலும் போகணும், சபா சரவாக்னு வந்தா நிறைய பேர் வேணாம்னு சொல்லிட்டு வேலைய விட்டுர்றாங்க. என் கருத்து என்னன்னா, கல்யாணம் குழந்தை அப்பா அம்மா உடம்புன்னு கட்டு இல்லாதவங்க போகலாம், சின்ன ஆஸ்பத்திரியில ஒரு வருஷத்துல கையில வர்ற அனுபவம் பெரிய ஆஸ்பத்திரியில வரிசையில நின்னா மூணு வருஷத்துலயும் வராது. கட்டு இருக்கிறவங்க மனசப் போட்டு குழப்பிக்காதீங்க, கீழ சொல்ற மத்த வழிங்க எல்லாம் உங்களுக்கும் திறந்துதான் இருக்கு.

ஹவுஸ்மன் முடிஞ்சதும் எம்எம்சில முழுப் பதிவு, அப்புறம் கட்டாய சேவை ரெண்டு வருஷம். அதோட வருஷா வருஷம் ஏபிசி, அதாவது பிராக்டிஸ் பண்றதுக்கான சர்டிபிகேட், புதுப்பிக்கணும். அதுக்கு தொடர்ந்து படிக்கிறதுக்கான சிபிடி பாயிண்ட் 20ம், வழக்கு ஏதாவது வந்தா காப்பாத்துற இன்டெம்னிட்டி காப்புறுதியும் வேணும். முழுப் பதிவு வந்த பிறகுதான் லோகம், அதாவது வேற கிளினிக்ல தற்காலிக டாக்டர் வேலை, செய்யலாம், கவர்மெண்ட்ல இருக்கும்போது செய்யணும்னா டிபார்ட்மெண்ட்ல அனுமதி வாங்கிட்டு செய்யணும். ஒளிஞ்சு செய்யாதீங்க, அனுமதி இல்லாம லோகத்துல ஏதாவது ஆச்சுன்னா இன்டெம்னிட்டியும் கை விட்டுரும்.

ஸ்பெஷலிஸ்ட் ஆகணும்னா ரெண்டு ரோடு

முதல் ரோடு மாஸ்டர்ஸ். யுஎம், யுகேஎம், யுஎஸ்எம் மாதிரி உள்ளூர் யுனிவர்சிட்டியில நாலு வருஷம். மெட்எக்ஸ்னு நுழைவுப் பரீட்சை இருக்கு, அப்புறம் இன்டர்வியூ, ஹடியா லத்திஹான் பெர்செகுத்துவான் ஸ்காலர்ஷிப் கிடைச்சா சம்பளத்தோட படிக்கலாம், முடிச்சதும் பாண்ட் இருக்கும். இடம் கம்மி, போட்டி அதிகம், அந்த துறையில எம்ஓவா வேலை செஞ்ச அனுபவம் வேணும். அதனால ஹவுஸ்மன் முடியும்போதே எந்த டிபார்ட்மெண்ட்டுக்கு எம்ஓவா போகணும்னு கேட்டு வாங்கணும், கண்ட இடத்துல போட்டுட்டாங்கன்னு நாலு வருஷம் உட்கார்ந்துட்டு அப்புறம் ரேடியாலஜி வேணும்னா கஷ்டம்.

ரெண்டாவது ரோடு பேரலல் பாத்வே. வேலை செஞ்சுக்கிட்டே பிரிட்டிஷ் ராயல் காலேஜ் பரீட்சைங்க எழுதறது. மெடிசினுக்கு எம்ஆர்சிபி, குழந்தைங்களுக்கு எம்ஆர்சிபிசிஎச், ஓ அண்ட் ஜிக்கு எம்ஆர்சிஓஜி, எமர்ஜென்சிக்கு எம்ஆர்சிஇஎம், ரேடியாலஜிக்கு எஃப்ஆர்சிஆர். நம்ம ஆண்டியோட கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு. ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்னா நேரா ஹார்ட்டுக்கு போக முடியாது, முதல்ல ஜெனரல் மெடிசின் ஸ்பெஷலிஸ்ட் ஆகணும், மாஸ்டர்ஸ் வழியா இல்ல எம்ஆர்சிபி வழியா, அப்புறம் கேசட்மெண்ட், அதாவது ஸ்பெஷலிஸ்ட்னு அங்கீகாரம் வாங்குற கட்டம், அதுக்கு மேல கார்டியாலஜி சப்ஸ்பெஷாலிட்டி மூணு வருஷம். கணக்குப் போட்டா இன்னிக்கு 25 வயசுப் பையனுக்கு நாற்பது நெருங்கிரும். நாற்பது வயசுல ராத்திரி ரெண்டு மணிக்கு எம்ஐ (ஹார்ட் அட்டாக்) கேஸ்னு போன் வந்தா எழுந்து போய் ஸ்டெண்ட் வைக்கணும், அந்த ராத்திரிய விரும்புறவங்க நிஜமாவே இருக்காங்க, அவங்கதான் போகணும்.

எம்ஆர்சிபில பார்ட் ஒண்ண டிகிரி வாங்கி 12 மாசம் ஆனா எழுதலாம், அதனால ஹவுஸ்மன் ரெண்டாவது வருஷத்துலயே எழுதறவங்க உண்டு. ரெண்டு பேப்பர், நூறு நூறு கேள்வி. அப்புறம் பார்ட் டூ எழுத்து, அப்புறம் பேசஸ்ங்கிற நோயாளியப் பார்க்கிற பரீட்சை, அது நம்ம நாட்டு ஆஸ்பத்திரியிலயே நடக்குது. பார்ட் ஒண்ணு பாஸ் பண்ணி ஏழு வருஷத்துக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணும். ஃபீஸ் பவுண்ட்ல கட்டணும், ரிங்கிட் விழும்போது வயிறு எரியும், அதனால முதல் சம்பளத்துலேருந்தே மாசா மாசம் ஒரு தொகைய தனியா எடுத்து வைங்க, மைவிய கொஞ்சம் லேட்டா வாங்கிக்கலாம்.

பேரலல் போறவங்க இன்னொண்ணும் தெரிஞ்சு வச்சிருக்கணும். எடின்பரோ எஃப்ஆர்சிஎஸ் வழியா கார்டியோதொராசிக் சர்ஜரி முடிச்சவங்கள ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டுல சேர்க்க மாட்டோம்னு எம்எம்சி சொல்லி ஒரு பெரிய பிரச்சனை ஓடுச்சு, கடைசியில 2024 ஜூலையில நாடாளுமன்றத்துல மெடிக்கல் ஆக்ட்டையே திருத்துனாங்க. அத்தன வருஷம் நெஞ்சத் திறந்து ஆபரேஷன் பண்ணவங்க காகிதத்துக்காக அலைஞ்சத நெனச்சா இப்பவும் மனசு கனக்குது. அதனால எந்த பேரலல் பரீட்சைக்கு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியும் அந்த தகுதி தேசிய ஸ்பெஷலிஸ்ட் பதிவேடு, என்எஸ்ஆர்ல ஏத்துக்கிறதா, எத்தன வருஷம் மேற்பார்வைப் பயிற்சி கேட்கிறாங்கன்னு பார்த்துட்டு அப்புறம் கட்டுங்க, பயிற்சிக்கான லாக்புக்க முதல் நாள்லேருந்து நிரப்புங்க.

கிளினிக் கெசிஹாத்தான், ஃபேமிலி மெடிசின்

நம்ம ஆளுங்க இத கடைசி சாய்ஸா வைக்கிறாங்க. கல்யாண வீட்டுல "கேகேல (கிளினிக் கெசிஹாத்தான்ல) இருக்கேன்"னு சொன்னா "ஸ்பெஷலிஸ்ட் எடுக்கலையா"ன்னு கேட்பாங்க. ஃபேமிலி மெடிசின் ஸ்பெஷலிஸ்ட்டும் ஸ்பெஷலிஸ்ட்தான், மாஸ்டர்ஸ் உண்டு, அகாடமி ஆஃப் ஃபேமிலி பிசிஷியன்ஸ் நடத்துற பரீட்சை வழியா ஆஸ்திரேலியாவோட எஃப்ஆர்ஏசிஜிபியும் சேர்த்து வாங்குற பாதையும் உண்டு, தனியார் கிளினிக்ல இருக்கிறவங்க முதல்ல ரெண்டு வருஷ டிப்ளமோ பண்ணலாம். நான் பண்ணது அந்த டிப்ளமோதான், ராத்திரி கிளினிக் முடிச்சு படிச்சு.

2019ல எடுத்த தேசிய சுகாதார சர்வேயில பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு சர்க்கரை, நம்ம இந்தியர்கள்ல அது 31.4. மூணு பேர்ல ஒருத்தருக்கு கிட்டத்தட்ட. இந்த நம்பர நான் கேகேல கண்ணால பார்த்தேன். செபராங் பிறையில ஒரு லோரி டிரைவர் அங்கிள், 52 வயசு, மாத்திரை எல்லாம் வாங்கிட்டுப் போறாரு, ஆனா மூணு மாச சர்க்கரை அளவக் காட்டுற எச்பிஏ1சி பதிமூணு. மூணு டாக்டர் மருந்த கூட்டிக்கிட்டே போயிருக்காங்க. ஒருநாள் கார்டு எண்ணிக்கை குறைவா இருந்துச்சு, உட்கார வச்சு, "அங்கிள், காலையில எழுந்ததுலேருந்து என்ன என்ன வாயில போடுறீங்க"ன்னு கேட்டேன். அஞ்சு மணிக்கு தே தாரிக், ஏழு மணிக்கு இன்னொண்ணு, ஜூருவில நிறுத்தி இன்னொண்ணு, மதியம் ஐஸ் மைலோ, இது அவருக்கு சாப்பாட்டுக் கணக்குலயே வரல, "தண்ணிதானே டாக்டரம்மா". ராத்திரி ஓட்டும்போது ஒண்ணுக்கு வந்தா நிறுத்த முடியாதுன்னு ஒரு மாத்திரைய அவராவே விட்டுட்டாரு. இத தமிழ்ல கேட்டதாலதான் சொன்னாரு. தே ஓ கோசோங்குக்கு மாத்தி, மாத்திரைய ஓட்டம் முடிஞ்சு எடுக்கிற மாதிரி மாத்தினோம், ஆறு மாசத்துல எட்டுக்கு வந்துச்சு. கால் விரல் போகாம இருக்கு. இந்த வேலைக்கு ராத்திரி போன் கம்மி, குழந்தைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வேலைக்குப் போகலாம், ஆனா ஒரே நாள்ல எழுபது எண்பது பேர் வந்து நிக்கிற கூட்டத்துல பொறுமை தீரக்கூடாது.

ஃபேக்டரி டாக்டர்

பினாங்குல இருந்துக்கிட்டு இந்த வழி தெரியாம இருக்கிறது பெரிய நஷ்டம். 1972ல பாயான் லெப்பாஸ்ல சுதந்திர வர்த்தக வட்டாரம் ஆரம்பிச்சு, அதே வருஷம் இன்டெல் வந்து, பி பிரவுன் வந்து, இன்னிக்கு அந்தப் பக்கம் முழுக்க ஃபேக்டரிதான். ரசாயனம் பயன்படுத்துற இடத்துல தொழிலாளிங்களுக்கு மெடிக்கல் சர்வெய்லன்ஸ் செய்யணும்னு 2000ல வந்த விதிமுறை சொல்லுது, சத்தத்துக்கு 2019ல தனி விதிமுறை, 2024 ஜூன் 1லேருந்து தொழில் பாதுகாப்புச் சட்டத்தோட திருத்தம் அமலுக்கு வந்து கிட்டத்தட்ட எல்லா வேலை இடத்தையும் உள்ள கொண்டுவந்துருச்சு. இத செய்யறதுக்கு ஓஎச்டி, அதாவது தொழில்சார் சுகாதார டாக்டர் வேணும். பாங்கியில இருக்கிற நியோஷ் பயிற்சி நிலையத்துல கோர்ஸ் முடிச்சு பரீட்சை பாஸ் பண்ணி தொழில் பாதுகாப்பு இலாகாவான ஜேகேகேபில, டோஷ்னு சொல்வோமே, அங்க பதிவு பண்ணணும்.

வேலை எப்படி இருக்கும்னா, ஒரு கேஸ் சொல்றேன். சாலிடரிங் லைன்ல வேலை செய்யற 34 வயசுப் பொண்ணு, ரெண்டு வருஷமா இருமல், மூச்சு இழுப்பு. வேற கிளினிக்குங்கள்ல இருமல் மருந்து, ஆன்டிபயாடிக், எம்சி. நான் கேட்ட ஒரே கேள்வி, "லீவு நாள்ல எப்படி இருக்கு?" யோசிச்சுட்டு சொன்னா, "தைப்பூசத்துக்கு பால்குடம் எடுக்க அஞ்சு நாள் லீவு போட்டேன் டாக்டர், ஒரு இருமல் வரல, திங்கக்கிழமை மத்தியானம் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு." சாலிடர் ஃபிளக்ஸ்ல ரோசின்னு ஒரு பிசின் இருக்கும், அது சூடாகி வர்ற புகை சிலருக்கு ஆஸ்துமா கொண்டுவரும், இது மருத்துவத்துல நல்லா தெரிஞ்ச விஷயம். லைன்ல போய் நின்னு பார்த்தா புகைய இழுக்கிற குழாய் அவ மேசையில மட்டும் வளைஞ்சு வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கு. ஃபோட்டோ எடுத்து, மூச்சு வேகத்தக் குறிக்கிற பீக் ஃப்ளோ சார்ட் குடுத்து, டோஷுக்கு அறிக்கை அனுப்பி, அவள வேற செக்ஷனுக்கு மாத்தச் சொன்னேன். தொழில் நோய்னு சந்தேகம் வந்தா டாக்டர் ஏழு நாளுக்குள்ள தெரிவிக்கணும்னு சட்டமே இருக்கு, எத்தன டாக்டருக்கு அது தெரியும்னு எனக்கு கவலை. சம்பளம் ஃபேக்டரி குடுக்கும், ஆனா நோயாளி தொழிலாளி, இந்த ரெண்டுக்கும் நடுவுல நிமிர்ந்து நிக்கத் தெரியணும். அது முடியாதவங்க இதுக்கு வரவேணாம்.

சொந்த கிளினிக்

முதல்ல லோகம். ஒரு வருஷமாவது பல கிளினிக்ல நின்னு பாருங்க, தாமான்ல, ஃபேக்டரி பக்கத்துல, 24 மணி நேர கிளினிக்ல. கவுண்டர்ல என்ன நடக்குதுன்னு பாருங்க, மருந்து ஸ்டாக் எப்படி வாங்குறாங்க, கம்பெனிங்க தொழிலாளிங்களுக்காகக் கட்டுற பேனல் பில் எப்ப பணமா மாறுதுன்னு பாருங்க. பேனல் பணம் மாசக்கணக்குல இழுக்கும், ஸ்டாஃப் சம்பளம் இழுக்காது, நிறைய புது கிளினிக் நோயாளி இல்லாம மூடல, இந்த இடைவெளியிலதான் மூடுச்சு. ஆறு மாச வாடகையும் சம்பளமும் கையில இல்லாம கடை எடுக்காதீங்க.

சட்டம்னு பார்த்தா 1998 தனியார் சுகாதார நிலையச் சட்டம், ஆக்ட் 586. அதுக்குக் கீழ பதிவு பண்ணணும், பொறுப்பாளரா பதிவு பெற்ற டாக்டர் இருக்கணும், கடை பிளான் குடுக்கணும், மாநில சுகாதார இலாகாவுலேருந்து வந்து பார்ப்பாங்க. ரெனோவேஷன் முடிச்சுட்டு பிளான் குடுக்காதீங்க, நான் அப்படி செஞ்சு ஒரு சுவர இடிச்சுக் கட்டுனேன். சைன்போர்டு நகராண்மைக் கழக அனுமதியோட, பஹாசா இல்லாம போட முடியாது. எக்ஸ்ரே வேணும்னா அணுசக்தி லைசென்ஸ் சட்டத்துக்குக் கீழ தனி அனுமதி. தூக்க மாத்திரை மாதிரி மருந்துங்களுக்கு தனி ரிஜிஸ்டர், அத அன்னன்னிக்கே எழுதுங்க. 2025 மே 1லேருந்து மருந்து விலைய நோயாளிக்குத் தெரியற மாதிரி காட்டணும்.

வருமானம் எங்கேருந்து வரும்னா, கன்சல்டேஷன் ஃபீஸ் 10லேருந்து 35 வெள்ளின்னு 2006 விதிமுறையில போட்டது ரொம்ப வருஷம் அசையாம கிடந்துச்சு, அதனால ஜிபிங்க, அதாவது தனியார் கிளினிக் டாக்டருங்க, மருந்துலயும் பேனல்லயும் ஓட்டுறாங்க. வெளிநாட்டுத் தொழிலாளிங்களுக்கான ஃபோமேமா மருத்துவச் சோதனை, வருமானம் குறைஞ்சவங்களுக்கான பீக்கா பி40, 2023ல வந்த ஸ்கீம் பெருபாத்தான் மடானி, தடுப்பூசி, கர்ப்பிணி ஸ்கேன், இதுல எது உங்க ஏரியாவுக்கு பொருந்தும்னு பார்த்து ஆரம்பிங்க. அழகு சிகிச்சை செய்ய ஆசைப்படுறவங்களுக்கு, ஜிபி செய்யறதுக்கு சுகாதார அமைச்சோட எல்சிபி சர்டிபிகேட் வேணும், அது இல்லாம ஃபில்லர் ஊசிய கையில எடுக்காதீங்க.

வெளிநாடு

சிங்கப்பூர்னா அவங்க மருத்துவ மன்றம் ஏத்துக்கிற யுனிவர்சிட்டி லிஸ்ட் தனி, நம்ம நாட்டுலேருந்து யுஎம், யுகேஎம் அதுல இருக்கு, மத்தவங்களுக்கு எம்ஆர்சிபி மாதிரி மேல்தகுதி கை குடுக்கும். பிரிட்டன்னா பிளாப் பரீட்சை, ரெண்டாவது பகுதி மான்செஸ்டர்ல போய்த்தான் எழுதணும், எம்ஆர்சிபி முழுசா முடிச்சவங்களுக்கு பிளாப் தேவையில்ல. ஐஇஎல்டிஎஸ் மொத்தம் 7.5, ஒவ்வொண்ணுலயும் 7க்கு குறையாம. ஆஸ்திரேலியாவுக்கு ஏஎம்சி பரீட்சை. எங்க போனாலும் எம்எம்சிலேருந்து நன்னடத்தை சான்றிதழ் கேட்பாங்க. போறவங்கள நான் குறை சொல்ல மாட்டேன், அவங்கவங்க வீட்டுக் கடன் அவங்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டெதஸ்கோப் இல்லாத வேலைங்க

சுருக்கமா சொல்லிர்றேன். பப்ளிக் ஹெல்த்னா எம்பிஎச், அதுக்கு மேல டாக்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த், மாவட்ட சுகாதார அதிகாரி ஆகலாம், டெங்கி வந்தா தாமான் தாமானா நடக்கிற வேலை. ஆராய்ச்சின்னா அமைச்சு 2012ல ஆரம்பிச்ச கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா, ஆஸ்பத்திரிங்கள்ல இருக்கிற சிஆர்சி ஆராய்ச்சி மையம், ஆராய்ச்சி செய்யற முறைக்கான ஜிசிபி சர்டிபிகேட் முதல்ல எடுத்துருங்க. மருந்து கம்பெனிங்கள்ல மெடிக்கல் அட்வைசர், பெரும்பாலும் கேஎல் பெட்டாலிங் ஜெயா பக்கம். இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பார்க்கிற டாக்டர். மெடிக்கல் காலேஜ்ல விரிவுரையாளர். டயாலிசிஸ் சென்டர்ல பொறுப்பு டாக்டர், அதுக்கு தனிப் பயிற்சி எடுக்கணும், நம்ம ஆளுங்க அங்க எத்தன பேர் படுத்திருக்காங்கன்னு பார்த்தா மனசு தாங்காது. எதுக்குப் போனாலும் முழுப் பதிவு வாங்கிட்டுப் போங்க, ஹவுஸ்மன் பாதியில விட்டுட்டுப் போனா பின்னால திரும்பி வர்ற கதவு ரொம்ப கனமா இருக்கும்.

ஒரு ஃபைல்

ஏ4 ஃபைல் ஒண்ணு வாங்கி இதெல்லாம் வைங்க: டிகிரி, டிரான்ஸ்கிரிப்ட், தற்காலிகப் பதிவு, முழுப் பதிவு, ஒவ்வொரு வருஷ ஏபிசி, ஹவுஸ்மன் போஸ்டிங் தேதிங்களோட கடிதம், லாக்புக் காப்பி, சிபிடி சர்டிபிகேட், இன்டெம்னிட்டி, ஹெபடைட்டிஸ் பி ஊசி ரெக்கார்டு. ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல போடுங்க. எந்த வழிக்குப் போனாலும் முதல்ல கேட்கிறது இதுதான், கடைசி தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி பழைய ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி கடிதம் கேட்டா யாரும் எடுக்க மாட்டாங்க.

அந்தப் பையனுக்கு நேத்து தேதி வந்துருச்சு, அடுத்த மாசம் ரிப்போர்ட் பண்ணணும், முதல் போஸ்டிங் ஆர்த்தோ. மெசேஜ் போட்டிருந்தான், "டாக்டர், நோட்டு என்ன சைஸ்ல வாங்கட்டும்?" ஸ்கிரப்ஸ் பாக்கெட்டுக்குள்ள போற சைஸ்ல வாங்கு தம்பி, கூட ரெண்டு பேனாவும் வச்சுக்க, ஒண்ண வார்டுல யாராவது எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு சொன்னேன்.